உடைமரக்குடிப் பள்ளிக்கூடத்து மீன்தொட்டி

உடைமரக்குடியில் கீரை விளைந்ததைச் சொல்வதென்றால், அதற்கு முன் அங்கே எதுவுமே விளைந்ததில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மற்ற மூன்று பக்கமும் உப்பளப் பாத்திகளுமாகக் கிடந்த அந்தக் குடியிருப்பில், மண்ணைக் கிள்ளி வாயில் போட்டால் கரித்தது, கிணற்றுத் தண்ணீர் கரித்தது, கொடியில் காய்ந்த சேலையை மடித்தால் மடிப்பில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது, ஊரின் பேரில் இருந்த உடைமரம்கூட எந்தக் காலத்திலோ பட்டுப்போய் பேர் மட்டும் மிஞ்சியிருந்தது. குடிக்கவும் பொங்கவும் லாரியில் தண்ணீர் வந்தது. லாரி வராத நாளில் ஊர் அதிகம் பேசாமல், எச்சிலை விழுங்கிக்கொண்டு, சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

அந்த ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு ஜெபக்கனி டீச்சர் தானாகக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். அதுவரை அங்கே வேலைக்கு வந்தவர்களெல்லாம் வந்த நாளிலிருந்தே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டவர்கள் என்பதால், அவள் பெட்டியோடு வந்து இறங்கியதை ஊர் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தது. அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் கணவன் சாமுவேல் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போயிருந்தான். அவனைத் தெரிந்த ஒரு முகமும் இல்லாத ஊராக, அவன் எப்படி இருந்தான் என்று யாரும் கேட்காத ஊராக அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. ஐந்து வகுப்புக்கும் அவள் ஒருத்திதான் டீச்சர். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தன.

செடி எப்படி வளர்கிறது என்று ஒரு பாடம் வந்தது. ஈரப் பஞ்சில் பயறு வைத்து முளை விடுவதைக் காட்டினாள். பிள்ளைகள் மூக்கு உரசக் குனிந்து பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு இசக்கி, பேச்சியம்மாள் என்ற உப்பளத்துக்காரியின் மகள், முளையைப் பார்த்துவிட்டு, இதை இனிமேல் எங்கே நடுவது என்று கேட்டாள். பயறு அந்தப் பஞ்சிலேயே மஞ்சளாகி வாடியது. அப்போதுதான், எப்போதோ போன ஒரு பயிற்சி முகாமில் மண்ணே இல்லாமல் மீனை வைத்துச் செடி வளர்ப்பதைக் காட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஓட்டை விழுந்து ஒதுக்கிப் போட்டிருந்த கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியின் மேல்பாகத்தை அறுத்துவிட்டு ஓட்டையை அடைத்தார்கள். நீல டிரம் ஒன்றை நெடுக்கே பிளந்து, அதில் ஜல்லி நிரப்பி, தொட்டிக்கு மேலே பலகை அடித்து உட்கார வைத்தார்கள். ஏரல் பக்கத்துக் குளத்திலிருந்து பாலிதீன் பையில் ஜிலேபி மீன் குஞ்சுகள் வந்தன. ஒரு சின்ன மோட்டார் மீன் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றியது, ஜல்லி வழியாக வடிந்த தண்ணீர் மறுபடி தொட்டியில் விழுந்தது, ஜல்லியில் தண்டுக்கீரையும் தக்காளியும் புதினாவும் வேர் பிடித்தன. மீன் தின்கிறது, தின்றதைக் கழிக்கிறது, கழிவுத் தண்ணீர் ஜல்லிக்கு ஏறுகிறது, ஜல்லியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைச் செடிக்குச் சோறாக்குகின்றன, செடி தின்றுவிட்டுத் தண்ணீரைச் சுத்தமாக்கி மீனுக்கே கொடுக்கிறது என்று அவள் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகள் ராகம் போட்டு, தொட்டியைச் சுற்றி வந்து, கும்மி அடிப்பதுபோலச் சொன்னார்கள். இந்தச் சுற்றில் எதுவும் வீணாவதில்லை, வெயில் குடிக்கிற தண்ணீர் மட்டும்தான் குறையும், அதை மட்டும் நாம் கொடுத்துவிட வேண்டும் என்றாள். பிள்ளைகள் முறை வைத்து ஆளுக்கொரு செம்பு வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊற்றினார்கள். லாரித் தண்ணீரைப் போய் மீனுக்கு ஊற்றுவதாவது என்று தாய்மார்கள் முணுமுணுத்தாலும், முதல் தண்டுக்கீரை வீட்டுக்கு வந்த அன்று முணுமுணுப்பு நின்றது.

ஜெபக்கனி காலையில் பிள்ளைகள் வருவதற்கு வெகுநேரம் முன்பே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவாள். அவள் குடியிருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர், இருமினால் கேட்கும், ஆகையால் வீட்டில் வைத்து அழ முடியாது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, மோட்டார் சத்தத்தின் மறைவில், சாமுவேலுக்காக அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி அடிப்பாள். மீன்கள் அவள் நின்ற பக்கமாக வந்து கூடி வாயைத் திறந்து திறந்து மூடின. தீனி கேட்கின்றன என்றே அவள் நினைத்தாள்.

பிறகு ஒரு வாரம் லாரி வரவில்லை. எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தார்கள். தொட்டியில் தண்ணீர் இறங்கி, மீன்களின் முதுகு வெளியே தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. லாரி அப்போதும் வந்திருக்கவில்லை. யாரோ ஊற்றியிருப்பார்கள் என்று டீச்சர் நினைத்தாள், டீச்சர் ஊற்றியிருப்பாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள், அதற்கப்புறம் அந்தத் தொட்டிக்கு யாரும் ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்த ஜெபக்கனிக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் அது இருந்த இடத்தில் உலர்ந்த துணியைத் திணித்ததுபோல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். ஆறிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, கடவுளுக்கு நன்றி சொல்லி, மணி அடிக்கப் போனாள்.

அதே வாரத்தில்தான் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு வேர்வை நின்றது. முதலில் அதைக் கவனித்தவர்கள் பெண்கள். வழக்கமாக வெயில் ஏறும் முன்பே ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போகும், காலில் உப்பு அறுத்த புண்ணில் வேர்வை இறங்கி எரியும். இப்போது அது எதுவும் இல்லை. தோலின் மேல் மெல்லிசாக, மாவு தூவினதுபோல, வெள்ளையாக ஒன்று பூத்தது, அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, ஒருவர் முதுகை ஒருவர் பழந்துணியால் தட்டிவிட, உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. இந்த ஊரில் எத்தனையோ தலைமுறை உப்பில் நின்றவர்கள் ஆயிற்றே, அது இப்போது உடம்பிலேயே விளைய ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்கள். தாகமும் அதிகம் எடுக்கவில்லை. குடத்தில் தண்ணீர் மிஞ்சியது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருத்தி வந்து, கைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொல்லிப் பொட்டலங்கள் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பொட்டலங்களைக் குழந்தைகள் நக்கித் தீர்த்தன.

அளத்தின் கங்காணி தங்கப்பழம் பொல்லாத மனிதன் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன் ஒன்று சௌகரியமாக நடந்தால் அதைப் பயன்படுத்தாமல் விடுகிறவனும் இல்லை. அதுவரை கருக்கலில் இறங்கி, வெயில் கொதிக்கும் முன் கரையேறிவிடுவதுதான் அங்கே வழக்கம். இப்போது யாருக்கும்தான் வேர்க்கவில்லையே, களைக்கவில்லையே என்று அவன் நடு மத்தியானத்திலும் பாத்தியில் ஆள் நிறுத்தினான். அவர்களும் நின்றார்கள். வெள்ளை வெயிலில், வெள்ளை உப்பில், உடம்பு முழுக்க வெள்ளை பூத்து, பலகையால் உப்பை வாரி வாரிக் குவித்துக்கொண்டிருந்தவர்களைப் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது ஜெபக்கனிக்குச் சில சமயம் எது ஆள், எது உப்புக் குவியல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடத்திலோ கீரை ஆள் உயரம் வளர்ந்தது. பறிக்கப் பறிக்க மறுநாளே தளிர்த்தது. தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்து, ஜல்லி தெரியாமல் தரை வரை தொங்கியது. வாரம் ஒரு முறை பிள்ளைகள் அடிக்கோல் வைத்துச் செடியின் உயரத்தை அளந்தார்கள், பிறகு பெஞ்சின் மேல் ஏறி அளந்தார்கள், பிறகு அளப்பதை விட்டுவிட்டார்கள். ஊர் முழுக்க அந்தக் கீரையைத்தான் தின்றது. ஒரே ஒரு குறை, அதில் உப்பு ஏறவில்லை. எத்தனை கை அள்ளிப் போட்டாலும் கீரை தித்திப்பாகவே இருந்தது. உப்பு விளையும் ஊரில் உப்புப் பிடிக்காத கறியா என்று பெண்கள் முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் நாக்கு பழகிக்கொண்டது.

சின்ன வகுப்புப் பையன் ஒருவன் விளையாடும்போது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அழுதான். வாய் கோணியது, சத்தம் வந்தது, ஆனால் கண்ணிலிருந்து சொட்டியது தண்ணீர் அல்ல. ரவை போல வெள்ளைப் பொடிதான் கன்னத்தில் உருண்டது. மற்றப் பிள்ளைகள் அதைக் கையில் ஏந்தி, யார் கையில் விழுந்தது பெரிது என்று ஒப்பிட்டுப் பார்த்து விளையாடினார்கள். ஜெபக்கனி அந்தப் பொடியைத் துடைத்துவிட்டாள். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அவளும் சில நாள் காலையில் தலையணையிலிருந்து அப்படி ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் எழுந்திருந்தாள்.

பிறகு அளத்தில் வேலை பார்த்த பரமன் செத்தான். நடு மத்தியானத்தில், பலகையைப் பிடித்தபடியே, உப்புக் குவியலின் மேல் சாய்ந்தான். தூக்கப் போனவர்கள் அடுப்புச் சட்டியைத் தொட்டதுபோல உடனே கையை எடுத்துக்கொண்டார்கள், உடம்பு அப்படிக் கொதித்தது. மாரடைப்பு என்று தங்கப்பழம் சொன்னான். அவனே முன்னின்று காரியங்களைச் செய்தான், கூடவே பாடைக்கும் தோள் கொடுத்தான். பரமனின் மனைவி சந்தனம் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. அழாமல் எப்படிப் பிணத்தை எடுப்பது என்று பெண்கள் திகைத்து நின்றார்கள். அப்போது யாரோ ஒருத்தி, பள்ளிக்கூடத்துத் தொட்டியில்தான் தண்ணீர் கிடக்கிறதே என்றாள். ஒரு பிள்ளை ஓடிப்போய்ச் செம்பில் மொண்டு வந்தது. சந்தனத்தின் கன்னத்தில் அந்தத் தண்ணீரைத் தடவினார்கள். தடவியதும் அவளுக்கு ஒப்பாரி வந்தது, சரியான ராகத்தில், சரியான வார்த்தைகளில், யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல வந்தது. அதே செம்பு கைமாறி எல்லாப் பெண்களின் கன்னத்தையும் நனைத்தது. அன்று பரமனுக்குக் கிடைத்ததைப் போல ஒழுங்கான அழுகை அதற்கு முன் எந்தப் பிணத்துக்கும் கிடைத்ததில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாவு விழுந்தால் பள்ளிக்கூடத்துக்குச் செம்பு வரும். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் வீட்டிலிருந்தும் செம்பு வரும். பெரிய வெள்ளிக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள் சின்னச் சின்ன சீசாக்களில் எடுத்துப் போனார்கள். கண்ணீர் வேண்டியபோது வந்தது, கன்னம் காய்ந்ததும் நின்றது, மறுநாள் காலையில் நெஞ்சில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாம் நாளே சந்தனம் பாத்தியில் இறங்கி வேலை செய்தாள். எவ்வளவு திடமானவள் என்று ஊர் அவளை மெச்சியது. மத்தியானத்தில் சாய்கிறவர்கள் அதற்கப்புறமும் அவ்வப்போது சாய்ந்தார்கள். மாரடைப்பு என்ற சொல் ஊரில் சகஜமானது.

ஒரு நாள் ஜெபக்கனி ஐந்தாம் வகுப்பைக் கரும்பலகையில் அந்தச் சுற்றை வரையச் சொன்னாள். இசக்கி போய் மீன் வரைந்தாள், ஜல்லி வரைந்தாள், செடி வரைந்தாள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி போட்டாள், போட்டுவிட்டு உட்காராமல் பலகையின் ஓரத்தில் வீடுகளையும் அளத்தையும் வரைந்து, அங்கிருந்து தொட்டிக்கு இன்னொரு அம்புக்குறி இழுத்தாள்.

"இது என்ன இசக்கி?"

"தண்ணி வார வழி டீச்சர்" என்றாள் இசக்கி, பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிற குரலில்.

வகுப்பில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது. டீச்சர்தான் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. ஜெபக்கனி துணியை எடுத்து அந்தக் கடைசி அம்புக்குறியை அழிக்கப் போனாள், அழிக்காமல் கையை இறக்கிக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை ஏன் இத்தனை நாள் தெரியாததுபோல வைத்திருந்தோம் என்று அன்று முழுவதும் யோசித்தாள். சாமுவேல் இல்லாத வீட்டில் அவள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், அவன் சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறாள். அந்த நிம்மதியை யார் கையால் திருப்பிக் கொடுப்பார்கள்?

அவள் ஒன்றும் செய்யாமல் இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டிருப்பாள். ஆனால் இசக்கியின் தாய் பேச்சியம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது, பிறந்த பிள்ளைக்குப் பால் இல்லை.

பேச்சியம்மாள் இசக்கிக்குக் கொடுத்தது போக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தவள். இப்போது மார்பைப் பிதுக்கினால் காம்பில் வெள்ளையாகத் திப்பி கட்டியது, குழந்தை அதை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வழக்கப்படி தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து தடவினார்கள். கண்ணீருக்குச் செல்லுபடியான வித்தை பாலுக்குச் செல்லவில்லை. மாவுப் பால் கரைத்துக் கொடுத்தார்கள், குழந்தை அதைக் கக்கியது. ஆட்டுப்பாலையும் கக்கியது. தூத்துக்குடிக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டுக் கொண்டுவந்தார்கள். நாளுக்கு நாள் அது சுருங்கியது, தோல் சுருங்கி, கண் உள்ளே போய், உப்பில் போட்ட மீன்போல ஆனது. பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான் அந்த வீடு. பாடம் நடத்தும்போது அதன் அனத்தல் கேட்கும், கேட்கும்போதெல்லாம் இசக்கி பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள்.

ஜெபக்கனி பெற்றோரைக் கூட்டினாள். அளத்திலிருந்து வந்தபடியே, மேலெல்லாம் வெள்ளையாக, கூடத்தில் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார்கள். தொட்டியை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்துவிட்டது என்று அவள் சொன்னாள். தங்கப்பழம்தான் முதலில் பேசினான். கீரை இல்லாமல் பிள்ளைகள் என்ன தின்னும் என்றான், லாரித் தண்ணீரை நம்பியா மறுபடி இருக்கச் சொல்கிறீர்கள் என்றான். குழந்தைக்கு ஏதாவது ஏற்பாடு செய்யலாம், அதற்கென்று ஊரையே கவிழ்ப்பதா என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். பேச்சியம்மாள் குழந்தையை மடியில் போட்டபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கத் தன்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

சந்தனம் எழுந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரு போனதுக்கு நான் அழ வேண்டியதெல்லாம் அந்தத் தொட்டிக்குள்ள கெடக்கு. கன்னத்துல தடவி ஒரு மணிநேரம் அழுதனே, அது அழுகையா? நெசத்த நான் இன்னும் தொடவே இல்ல. அத நீங்க தொறந்து விட்டியள்னா, நான் எங்கன போயி நிக்க?"

அது ஜெபக்கனியே கேட்க நினைத்த கேள்வி. கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஆளுக்கொரு கட்டுக் கீரை பறித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரம், பெரியவர்களெல்லாம் அளத்தில் நின்றபோது, பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டு ஜெபக்கனி வெளியே வந்து மோட்டாரை நிறுத்தினாள். எதிர் வீட்டில் அனத்தல்கூட நின்றுபோயிருந்தது, அதுதான் அவளை எழுப்பிவிட்டது. வாளியை எடுத்தாள், தொட்டியில் முக்கினாள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உப்பு பூத்த தரையில் ஊற்றினாள். தரை சீறிக்கொண்டு குடித்தது. இன்னொரு வாளி. பிள்ளைகள் பென்சிலோடு வெளியே வந்து நின்றார்கள். யாரும் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. இசக்கி மட்டும் எதிர் வீட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஓடினாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"பால் வந்துட்டு டீச்சர். அம்ம சேலையெல்லாம் நனைஞ்சிட்டு. தம்பி குடிக்கான்."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வாளியைக் கையில் பிடித்தபடி ஜெபக்கனி அதை யோசித்தாள். வந்த வேலை முடிந்தது, கீரை இருக்கும், சந்தனம் அவள் பாட்டுக்கு இருப்பாள், தானும் தன் பாட்டுக்கு இருக்கலாம். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அவளைப் பார்த்தன. எப்போது வளர்ந்தன என்று தெரியாமல் அவை முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தன. இன்றைக்குக் கொடுத்ததை நாளைக்கு எடுத்துக்கொள்ளும் வாய்கள் என்று அவளுக்குப் பட்டது. அவள் மறுபடி வாளியை முக்கினாள்.

அடுத்த வாளிகளுக்கு அளத்திலிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒரு குரல், அது சந்தனத்தின் குரல், ராகம் இல்லை, வார்த்தை இல்லை, மாடு கத்துவதுபோல நெடுக ஒரே கத்தல். பிறகு வேறொரு குரல், பிறகு ஆண்களின் குரல்கள். கடைசியாக எடுத்தது முதலில் வெளியே போகிறது என்று ஜெபக்கனிக்கு விளங்கியது, பால் போனது, இப்போது கண்ணீர் போகிறது, வரிசையாகச் செத்தவர்களுக்கெல்லாம் வரிசையாக அழுகை திரும்பிப் போகிறது. பிள்ளைகளின் கன்னங்களும் நனைந்திருந்தன. விழுந்த முட்டிக்கும் வாங்கிய அடிக்கும் அன்றைக்கு வர வேண்டிய கண்ணீர் இன்றைக்கு வந்துகொண்டிருந்தது, அவர்கள் அதைப் புறங்கையால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஊற்றிய வாளிகளுக்கு அளத்தில் நின்றவர்களுக்கு வேர்த்தது. மாதக்கணக்கில் வராத வேர்வை ஒரே நேரத்தில் வந்தது. தலையிலிருந்து கால் வரை ஓடி, உப்புப் பூச்சைக் கரைத்து, புண்களைத் தேடிப் போய் எரித்தது. அவர்கள் பலகைகளைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். தங்கப்பழம் நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான், அவனுக்கே கண்ணில் வேர்வை இறங்கி ஒன்றும் தெரியவில்லை. குடங்களைத் தேடி, நிழலைத் தேடி, தள்ளாடிக்கொண்டு எல்லாரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்கள்.

தொட்டியில் இப்போது முழங்கால் ஆழம்கூட இல்லை. அடியில் கலங்கின தண்ணீரில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டன, பக்கவாட்டில் சாய்ந்து செவுளை விரித்தன. டிரம்மில் செடிகள் தலை தொங்கிவிட்டன, இலை நுனிகள் வெளுத்திருந்தன. ஜெபக்கனி வாளியோடு குனிந்தாள், குனிந்ததும் ஆஸ்பத்திரி வார்டின் வாடை அடித்தது, மருந்தும் வேகவைத்த துணியும் சாமுவேலின் நெற்றியில் போட்ட ஈரத் துண்டும் சேர்ந்த வாடை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தொட்டிக்கு முதலில் கொடுத்தவள் அவள்தான், அதனால் அவளுடையதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. இன்னும் சில வாளிகள், அவ்வளவுதான். அவன் செத்த மத்தியானம் முழுக்க அவளுக்கே திரும்பி வந்துவிடும். இப்போது, இந்த நிமிஷத்தில், அவளுக்கு அது வேண்டும்போல இருந்தது. அளத்திலிருந்து வந்த சந்தனத்தின் கத்தலைக் கேட்டபோது பயப்பட வேண்டியவள் பொறாமைப்பட்டாள்.

"மீனு சாவுது டீச்சர்" என்றது ஒரு பிள்ளை.

பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். குஞ்சுகளாக வந்ததிலிருந்து அவர்கள் பேர் வைத்து, தீனி போட்டு வளர்த்தவை. இத்தனை வாளி ஊற்றியபோதும் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றவர்கள் இப்போது மாற்றி மாற்றி அவள் சேலையைப் பிடித்தார்கள். அவற்றின் மேல் என்ன குற்றம், கொடுத்ததைத்தானே குடித்தன என்று ஒருத்தி கேட்டாள். இசக்கி விளிம்பில் கையூன்றி உள்ளே பார்த்தாள்.

"மிச்சம் கெடக்கது யாருது டீச்சர்?"

"என்னது."

"ஒங்களுக்கு வேண்டாமா?"

ஜெபக்கனி குனிந்து மீன்களைப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்தாள். "இருக்கட்டும்" என்றாள். "அதுகளும் இருக்கட்டும்."

அவள் சொன்னதும் மீன்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அந்தக் கொஞ்சத் தண்ணீருக்குள் முதுகு வெளியே தெரிய வரிசையாக நின்றன.

ஊர் வந்து சேர்ந்தது. அடித்துப்போட்டதுபோல, மழையில் நனைந்ததுபோல, கண்ணும் மூக்கும் ஒழுக, பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள், சிலர் தண்ணீர் கேட்டார்கள். தங்கப்பழம் வாசலிலேயே உட்கார்ந்து, வருஷக்கணக்கில் ஒளித்து வைத்த எதற்கோ தேம்பினான். எதிர் வீட்டுப் படியில் பேச்சியம்மாள் குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்தபடி இந்தப் பக்கம் தலை தூக்காமல் இருந்தாள். சந்தனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜெபக்கனியின் முன் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று பிள்ளைகள் பின்வாங்கினார்கள். அவள் அடிக்கவில்லை. இரண்டு கையாலும் டீச்சரின் தோளைப் பிடித்து, அதில் முகத்தைப் புதைத்து, பரமா, பரமா என்று கட்டிய புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். ஜெபக்கனியின் தோளும் கழுத்தும் நனைந்தன. அவள் சந்தனத்தின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் முகம் அந்தக் கூட்டத்திலேயே காய்ந்த முகமாக இருந்தது. கண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு துகள் திரண்டு, உருண்டு, சந்தனத்தின் ஈரத் தலைமுடியில் விழுந்து கரைந்தது.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பிள்ளைகள் ஒரு தடவை தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். யாரும் ஒரு சொட்டு ஊற்றியிருக்கவில்லை. தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. இந்தத் தடவை அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டிருந்த டீச்சரைப் பார்த்தார்கள். அவள் உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றாள். குரல் கரகரத்தது.